ஸ்ட்ராஸ்பர்கில் இரண்டு இரவு, டிசம்பரில்

ஃபிராங்க்ஃபர்ட்டில் வேலை. கல்யாணமாகி வரும் முதல் டிசம்பர். மனைவி சென்னையிலிருந்து வந்து நாலு மாதம்தான் ஆகிறது. சைவம், ஆனால் முட்டை சாப்பிடுவார். வெள்ளிக்கிழமை மாலை கிளம்பி ஞாயிறு இரவு வீடு திரும்ப வேண்டும். ஜெர்மனி எல்லையை ஒட்டிய பிரெஞ்சு நகரமான ஸ்ட்ராஸ்பர்க் போல ஒரு கிறிஸ்துமஸ் ஊர் கிடையாது என்று சிலர் சொல்கிறார்கள், கூட்டத்தில் நசுங்கி வந்ததுதான் மிச்சம் என்று சிலர் சொல்கிறார்கள், எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். உங்களுக்கு எது வாய்க்கும் என்பது நீங்கள் இரவு எங்கே தூங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நான் கார்ல்ஸ்ரூவில் பத்து வருடத்துக்கு மேலாக இருக்கிறேன். ரயில் ஏறினால் ஸ்ட்ராஸ்பர்க் முக்கால் மணி நேரம்கூட இல்லை. முதல் தடவை நானும் மனைவியும் ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலைப் பக்கம் மலிவாக ஒரு அறை எடுத்தோம். மத்தியானம் ஊருக்குள் வந்து, தோளோடு தோள் உரச நடந்து, எட்டு மணிக்கு டிராமுக்கு நின்று, அறைக்குப் போய்ப் படுத்தோம். அழகான ஊர் என்பது தெரிந்தது, ஆனால் மனதில் ஒட்டவில்லை. அடுத்த வருடம் பணம் கூடக் கொடுத்துத் தீவுக்குள்ளேயே ஒரு சின்ன ஹோட்டலில் தங்கினோம். அன்று இரவு பத்து மணிக்குக் கீழே இறங்கி வந்தபோதுதான் எல்லாரும் எதைச் சொல்கிறார்கள் என்று புரிந்தது.

தீவு என்று சொன்னேனே, அது கிராந்த் ஈல், பெரிய தீவு. இல் என்ற ஆறு இரண்டாகப் பிரிந்து பழைய நகரத்தைச் சுற்றிக்கொண்டு மறுபடி சேர்கிறது. பேராலயம், கிறிஸ்துமஸ் சந்தைகள், மரச்சட்ட வீடுகள் எல்லாம் பெரும்பாலும் இதற்குள்தான். 1988இல் யுனெஸ்கோ இந்தத் தீவு முழுவதையும் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நிதானமாக நடந்தாலே இருபது, இருபத்தைந்து நிமிடம்தான். இவ்வளவு சின்ன இடத்துக்கு ஒவ்வொரு டிசம்பரிலும் இருபது லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள். அதில் பெரும்பாலோர் பஸ்ஸிலும் ரயிலிலும் வந்து அன்றே திரும்பிவிடுகிறவர்கள். காலை பத்தரை பதினொன்று வரை தீவு ஊர்க்காரர்களுடையது. இரவு கடைகள் மூடிய பிறகும் அப்படித்தான். நடுவில் இருக்கும் நேரத்தைப் பற்றி இணையத்தில் எல்லாரும் எழுதுகிறார்கள். முன்னும் பின்னும் உள்ள நேரத்துக்காகத்தான் நான் உங்களைப் போகச் சொல்கிறேன்.

அதனால் முதல் வேலை, அறை. டிசம்பர் வார இறுதியில் விலை இரண்டு மூன்று மடங்கு ஏறும், தீவுக்குள் நல்ல அறைகள் கோடையிலேயே போய்விடும். இப்போதே பாருங்கள். நவம்பர் கடைசியில் சந்தை திறந்தவுடன் வரும் வார இறுதி கிடைத்தால் அதை எடுங்கள். டிசம்பர் நடுவில் வரும் இரண்டு சனிக்கிழமைகள்தான் மிக மோசம். திங்கட்கிழமை ஒரு நாள் விடுப்பு கிடைக்குமானால் சனி மாலை முதல் திங்கள் வரை மாற்றிக்கொள்ளுங்கள். ஞாயிறு இரவு அறை விலையும் இறங்கும், கூட்டமும் இறங்கும். தீவுக்குள் கிடைக்கவே இல்லையென்றால் ரயில் நிலையத்துக்கும் பெத்தீத் ஃபிரான்ஸ் பகுதிக்கும் நடுவில் தேடுங்கள், அங்கிருந்து எல்லாம் நடைதூரம்தான்.

ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து நேரடி ரயில் கிடைத்தால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். இல்லாவிட்டால் ஓஃபன்பர்க் வரை வந்து அங்கே சின்ன ரயிலுக்கு மாறினால் அரை மணி நேரம். ஸ்ட்ராஸ்பர்க் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் ஒரு முறை திரும்பிப் பாருங்கள். 1880களில் ஜெர்மானியர்கள் கட்டிய கல் கட்டடத்தின் முன்னால், 2007இல் பாரிஸ் அதிவேக ரயில் வந்தபோது, பெரிய கண்ணாடிப் போர்வை ஒன்றைப் போர்த்தியிருக்கிறார்கள். இரவில் உள்ளே விளக்கு எரியும்போது பழைய முகப்பு ஒரு குமிழுக்குள் இருப்பது போலத் தெரியும்.

தீவுக்குள் நுழையும் பாலங்களில் பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள். 2018 டிசம்பர் 11 அன்று இந்தச் சந்தைத் தெருக்களில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஐந்து பேர் இறந்துபோனார்கள். அதற்கு முன்பே இருந்த பாதுகாப்பு அதன் பிறகு இன்னும் இறுகியது. பொறுமையாக நின்று காட்டிவிட்டுப் போங்கள். பெட்டி சின்னதாக இருந்தால் நல்லது.

வெள்ளி இரவு ஒன்றும் திட்டமிட வேண்டாம். அறையில் பையை வைத்துவிட்டுப் பேராலயத்துக்கு நடங்கள். நேரே சதுக்கத்துக்குப் போகாமல் மெர்சியே தெரு வழியாகப் போங்கள். இரண்டு பக்கமும் வீடுகள் நெருங்கியிருக்கும் குறுகிய தெரு, அதன் முடிவில் பேராலயத்தின் முகப்பு வானம் தெரியாமல் எழுந்து நிற்கும். 142 மீட்டர் உயரம். 1439இல் கோபுரத்தைக் கட்டி முடித்தார்கள்; 1647 முதல் 1874 வரை உலகத்திலேயே உயரமான கட்டடம் இதுதான். இரட்டைக் கோபுரமாக நினைத்தது, ஒன்றோடு நின்றுவிட்டது. வோஜ் மலையின் மணற்கல் என்பதால் நிறம் இளஞ்சிவப்பு; மழை நனைத்த இரவில் செங்கல் நிறத்துக்குப் போகும். தஞ்சாவூர் பெரிய கோயில் விமானத்தை முதல் தடவை பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தபோது கழுத்து வலித்தது நினைவிருந்தால், அதே மாதிரி இங்கேயும் வலிக்கும்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு எழுந்துவிடுங்கள். டிசம்பரில் அங்கே சூரியன் எட்டேகாலுக்குத்தான் உதிக்கும். எனவே எட்டு மணி என்பது விடியற்காலை மாதிரிதான். நேரே பெத்தீத் ஃபிரான்ஸ். பெயருக்கு அர்த்தம் ‘குட்டி பிரான்ஸ்’. அழகான பெயராக இருக்கிறதே என்று தோன்றும். உண்மையில் பால்வினை நோயாளிகளுக்கு ஒரு மருத்துவமனை இங்கே இருந்தது, அந்த நோயை ஜெர்மானியர்கள் ‘பிரெஞ்சு நோய்’ என்று அழைத்தார்கள், பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. தோல் பதனிடுபவர்களும் மாவு அரைப்பவர்களும் வாழ்ந்த பகுதி. வீடுகளின் கூரையைக் கவனியுங்கள்: செங்குத்தான கூரையில் வரிசை வரிசையாகத் திறப்புகள் இருக்கும். தோலைக் காயப்போடக் காற்று வர வைத்தவை அவை. அந்த நேரத்தில் மதகில் தண்ணீர் இறங்கும் சத்தம், யாரோ கடை ஷட்டரைத் தூக்கும் சத்தம், இவ்வளவுதான் கேட்கும். ஆற்றிலிருந்து பனிமூட்டம் எழுந்து ஜன்னல்களின் முதல் வரிசை வரை நிற்கும். பதினொரு மணிக்கு இதே இடத்தில் செல்ஃபி எடுக்க வரிசை நிற்கும்.

அங்கிருந்து ஐந்து நிமிடத்தில் மூடிய பாலங்கள். மூடியிருக்காது, கூரையை 18ஆம் நூற்றாண்டிலேயே எடுத்துவிட்டார்கள், பெயர் மட்டும் தங்கிவிட்டது. அதற்கு எதிரே வோபான் அணை. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டியது. எதிரி வந்தால் மதகை அடைத்து ஊரின் தெற்குப் பக்கத்தை வெள்ளக்காடாக்குவதற்கான ஏற்பாடு. மேலே மொட்டைமாடி இருக்கிறது, கட்டணம் கிடையாது. நாலு கோபுரம், ஆற்றின் கிளைகள், தூரத்தில் பேராலயம் எல்லாம் ஒரே பார்வையில் வரும். நீங்கள் இருவரும் சேர்ந்து ஒரு படம் எடுக்க வேண்டுமென்றால் இங்கே எடுங்கள்.

பன்னிரண்டுக்கு முன்னால் பேராலயத்துக்குத் திரும்புங்கள். வானியல் கடிகாரத்தைப் பார்க்கத் தனி டிக்கெட், தெற்கு வாசல் வழியாக உள்ளே விடுவார்கள். இதற்காக நீங்கள் ஒரு மணி நேரம் கொடுக்க வேண்டும், தயங்காமல் கொடுங்கள். இப்போது இருப்பது அந்த இடத்தில் வைத்த மூன்றாவது கடிகாரம். ஷ்வில்கே என்ற ஸ்ட்ராஸ்பர்க்காரர் 1842இல் இயந்திரத்தை முழுக்கப் புதிதாகச் செய்து முடித்தார். கால் மணிக்கு ஒரு தடவை குழந்தை, இளைஞன், நடுவயதுக்காரன், கிழவன் என்று ஒரு உருவம் மரணத்தின் முன்னால் கடந்து போகும். பன்னிரண்டரைக்குப் பன்னிரண்டு சீடர்களும் ஒவ்வொருவராக இயேசுவின் முன்னால் வணங்கிப் போவார்கள், மேலே சேவல் இறக்கையை அடித்து மூன்று தடவை கூவும். ஏன் பன்னிரண்டரை? ஸ்ட்ராஸ்பர்க்கில் சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தைத்தான் இந்தக் கடிகாரம் நண்பகலாகக் கணக்கு வைக்கிறது. மத்திய ஐரோப்பா முழுவதற்கும் பொதுவாக வைத்த நேரம் அதைவிட அரை மணி முந்தி ஓடுகிறது. ஊரின் சொந்த நண்பகல் இன்னும் அந்தக் கடிகாரத்துக்குள் உயிரோடு இருக்கிறது. கீழே இடது பக்கத்தில் பல்சக்கரங்கள் அடுக்கிய ஒரு பெட்டி தெரியும். டிசம்பர் 31 நள்ளிரவில் அது சுழன்று வரப்போகும் ஆண்டின் ஈஸ்டர் தேதியைக் கணக்கிட்டு வைக்கும். ஈஸ்டர் என்பது நம் பண்டிகைகள் போல நிலவைப் பார்த்து நகர்கிற தேதி. பஞ்சாங்கம் கணிப்பவர் உட்கார்ந்து போடும் கணக்கைப் பித்தளையில் செய்து வைத்திருக்கிறார் அந்த மனிதர். எனக்கு இந்த ஊரிலேயே மிகப் பிடித்த பொருள் அதுதான்.

கடிகாரத்துக்கு எதிரே தேவதைகள் தூண் இருக்கும். பக்கத்து மாடத்தில் ஒரு கல் மனிதர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு அந்தத் தூணையே பார்த்துக்கொண்டிருப்பார். இவ்வளவு மெலிந்த தூண் கூரையைத் தாங்காது, விழப் போகிறது என்று பந்தயம் கட்டியவர், அது விழுவதற்காகக் காத்திருக்கிறார் என்று ஊரில் கதை சொல்வார்கள். மனைவியிடம் முதலில் சொல்லாமல், அவரே கண்டுபிடிக்கட்டும்.

டிசம்பரில் மட்டும் உள்ள இன்னொன்று: கிறிஸ்துமஸுக்கு முன் வரும் திருவருகைக் காலத்தில் நடுமண்டபத்தின் இரண்டு பக்கத் தூண்களுக்கு நடுவே பதினான்கு பெரிய திரைச்சீலைகளைத் தொங்கவிடுவார்கள். மரியாளின் வாழ்க்கைக் காட்சிகளை 17ஆம் நூற்றாண்டில் பாரிஸில் நெய்தவை. மற்ற மாதங்களில் வந்தவர்களுக்குக் கல் மண்டபம் மட்டும்தான் கிடைக்கும்.

மத்தியானம் ஒன்றரை முதல் ஐந்து வரை சந்தைப் பக்கமே போகாதீர்கள். ஆற்றைத் தாண்டித் தெற்கே நடந்தால் ஊர்ப் பொது மருத்துவமனை. அதன் அடியில் 1395இல் தொடங்கிய ஒயின் பாதாள அறை இருக்கிறது. முன்காலத்தில் நோயாளிகள் சிகிச்சைக்குப் பதிலாகத் திராட்சைத் தோட்டத்தை எழுதிக் கொடுப்பார்களாம், அப்படிச் சேர்ந்த சொத்து. வளைவுக் கூரைக்குக் கீழே ஆளுயரத்துக்கு மேலான மரப் பீப்பாய்கள் வரிசையாக நிற்கும். ஒன்றில் 1472ஆம் ஆண்டின் வெள்ளை ஒயின் இன்னும் இருக்கிறது. இத்தனை நூற்றாண்டில் அதை மூன்று தடவைதான் பரிமாறியிருக்கிறார்கள்: 1576, 1718, 1944. கடைசியாகக் குடித்தவர் நாஜிகளிடமிருந்து ஊரை மீட்ட பிரெஞ்சுத் தளபதி லெக்லெர்க். முதலில் குடித்தவர்கள் ஜூரிக்கிலிருந்து வந்த படகோட்டிகள். ஆபத்து என்றால் ஒரே நாளில் உதவிக்கு வந்துவிடுவோம் என்று காட்டுவதற்காக, சிறுதானியக் கூழைப் பெரிய பானையில் கொதிக்கக் கொதிக்க ஏற்றிக்கொண்டு, ஆற்றோடு துடுப்பு போட்டு வந்து, சூடு ஆறுவதற்குள் ஸ்ட்ராஸ்பர்க்கில் இறக்கினார்கள். கூழுக்குப் பதில் மரியாதை அந்த ஒயின். நீங்கள் குடிக்காதவர்களாக இருந்தாலும் போய்ப் பாருங்கள். ஞாயிறு மூடியிருக்கும், சனிக்கிழமை மத்தியானம் திறந்திருக்குமா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்து மணிக்கு நன்றாக இருட்டிவிடும். அப்போது சந்தைக்கு வாருங்கள். புரோக்லி சதுக்கத்தில் நடப்பதுதான் மூல சந்தை, பெயர் கிரிஸ்ட்கிண்டல்ஸ்மேரிக், குழந்தை இயேசுவின் சந்தை. 1570இல் தொடங்கியது. அதற்கு முன் டிசம்பர் 6ஐ ஒட்டிப் புனித நிக்கோலாஸ் சந்தை நடந்தது. ஊர் புராட்டஸ்டன்ட் பக்கம் போனதும், பிள்ளைகளுக்குப் பரிசு தருவது புனிதர் என்று சொல்வதைப் போதகர்கள் எதிர்த்தார்கள். புனிதரை எடுத்துவிட்டுக் குழந்தை இயேசுவின் பெயரில் கிறிஸ்துமஸுக்குச் சற்று முன்னால் சந்தையை வைத்தார்கள். கிளெபர் சதுக்கத்தில் முப்பது மீட்டர் அளவு உயரமான மரம் நிற்கும். ஒரு சுற்று சுற்றி, பார்த்துவிட்டு, ஏழு மணிக்குச் சாப்பிட உட்காருங்கள். பிறகு ஒன்பதரைக்கு மறுபடி வெளியே வாருங்கள். மரக்குடில்களை மூடியிருப்பார்கள், தெருவிளக்கு அலங்காரம் எரிந்துகொண்டிருக்கும், கற்கள் ஈரமாகப் பளபளக்கும். உங்கள் காலடிச் சத்தம் உங்களுக்குக் கேட்கும். நான் சொன்ன ஊர் இதுதான்.

சாப்பாடு. ஸ்ட்ராஸ்பர்க் இருக்கும் அல்சாஸ் பன்றிக்கறிப் பிரதேசம், அதனால் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அப்பளம் போல மெல்லிய மாவில் புளிப்புப் பாலாடையும் வெங்காயமும் பரப்பி விறகடுப்பில் சுடுவது தார்த் ஃபிளாம்பே. சாதாரணமாக மேலே பன்றிக்கறித் துண்டு தூவுவார்கள். ‘சான் லார்தோன்’ என்று சொன்னால் அது இல்லாமல் சுட்டுத் தருவார்கள். காளான் போட்டது சைவம் என்று நினைத்துவிடாதீர்கள், அதிலும் பெரும்பாலும் கறி இருக்கும். உருளைக்கிழங்கைத் துருவித் தட்டிப் பொரிக்கும் அடை ஒன்று சந்தையில் கிடைக்கும், ஆப்பிள் மசியலோடு. முட்டை சேர்த்தது, குளிரில் நின்று சாப்பிட அதைவிட நல்லது எதுவும் இல்லை. சூப் என்றால் மாட்டெலும்புச் சாறா என்று கேளுங்கள். சுடு ஒயின் இங்கே வெள்ளையிலும் கிடைக்கும், பட்டை கிராம்பு வாசனையோடு. வேண்டாமென்றால் அதே மசாலா போட்ட ஆப்பிள் சாறு இருக்கும். கோப்பைக்கு முன்பணம் வாங்குவார்கள், திருப்பிக் கொடுத்தால் பணமும் திரும்பும். நாங்கள் ஒவ்வொரு வருடமும் ஒரு கோப்பையை வைத்துக்கொள்கிறோம்.

பிரேடலே பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கிறிஸ்துமஸுக்கு இந்த ஊர் வீடுகளில் சுடும் சின்னச் சின்ன பிஸ்கட்டுகளுக்கு மொத்தப் பெயர் அது. வெண்ணெய் போட்டது, பாதாம் போட்டது, பட்டை வாசனையில் நட்சத்திரம் போல வெட்டியது என்று பல உண்டு. உங்கள் மனைவிக்கு அனிஸ்பிரேடலே வாங்கிக் கொடுங்கள். வெண்ணெயே இல்லாமல் முட்டை, சர்க்கரை, மாவு, சோம்பு வாசனைகொண்ட அனிஸ் விதை, இவ்வளவுதான். மாவைச் சொட்டுச் சொட்டாகத் தட்டில் வைத்து ஓர் இரவு முழுக்க உலர விடுவார்கள். மேல் தோல் காய்ந்து இறுகியிருப்பதால், அடுப்பில் வைக்கும்போது கீழே உள்ள ஈரமாவு பக்கவாட்டில் பிதுங்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னப் பாதம் முளைக்கும். மேலே வெள்ளையாக வழவழவென்று, கீழே பொன்னிறமாகச் சொரசொரவென்று இருக்கும். பாதம் வராவிட்டால் சரியாக உலரவில்லை என்று அர்த்தம். கடித்ததும் மொறுமொறுப்பு, அப்புறம் மென்மை, கடைசியில் ஹோட்டலில் சாப்பிட்டு முடித்துக் கல்லாவில் வாயில் போட்டுக்கொள்ளும் சர்க்கரைச் சோம்பின் வாசனை. என் மனைவி முதல் தடவை சாப்பிட்டபோது எதுவும் பேசாமல் இரண்டாவதை எடுத்தாள். வீட்டை விட்டு வந்து நாலு மாதமான ஒருவருக்கு இது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். சந்தைக் குடிலில் பிளாஸ்டிக் பையில் கட்டி விற்பதைவிட, தெருவுக்குள் இருக்கும் ரொட்டிக்கடையில் எடைபோட்டு வாங்குங்கள்.

ஞாயிறு காலை வானம் தெளிவாக இருந்தால் பேராலய மேடைக்கு ஏறுங்கள். முந்நூற்று முப்பது படி, 66 மீட்டர். ஒரு பக்கம் வோஜ் மலை, மறுபக்கம் ஜெர்மனியின் கருங்காடு. உயரத்தைக் கண்டால் பயப்பட்ட ஜெர்மானியக் கவிஞர் கதே, இங்கே படிக்க வந்தபோது அந்தப் பயத்தைப் போக்குவதற்காகவே திரும்பத் திரும்ப ஏறினார். மூட்டமாக இருந்தால் ஏறாதீர்கள், எதுவும் தெரியாது. அதற்குப் பதில் ரயில் பிடித்து செலெஸ்டா போகலாம், இருபது நிமிடம்தான். ஊர்க் காட்டிலுள்ள மரங்களைப் பண்டிகைக்கு யாரும் வெட்டிப் போகாமல் காவல் காத்தவர்களுக்கு நாலு ஷில்லிங் கூலி கொடுத்ததாக 1521ஆம் ஆண்டுக் கணக்கேடு அங்கே மனிதநேய நூலகத்தில் இருக்கிறது. கிறிஸ்துமஸ் மரம் பற்றி எழுத்தில் கிடைத்த மிகப் பழைய சான்றுகளில் ஒன்று. கொல்மாரும் போகலாமா என்று நிச்சயம் யாராவது சொல்வார்கள். இந்தத் தடவை வேண்டாம். அது தனியாக ஒரு பயணத்துக்குத் தகுதியான ஊர், அங்கும் இதே கூட்டம்தான்.

குளிர் பூஜ்யத்திலிருந்து ஐந்தாறு டிகிரி இருக்கும், ஆற்று ஈரத்தால் எலும்பில் இறங்கும். கோட்டைவிட முக்கியம் காலணி. கல் தெருவில் மணிக்கணக்கில் நிற்பதால் குளிர் காலடியிலிருந்துதான் ஏறும். தடித்த அடிப்பாகம், கம்பளிச் சாக்ஸ், மாற்றிக்கொள்ள இன்னொரு ஜோடி.

திரும்பும்போது ஒரு யோசனை. ஸ்ட்ராஸ்பர்க் நிலையத்தில் ஏறாமல், டிராம் டி பிடித்து ரைன் நதியைத் தாண்டி அக்கரையிலுள்ள ஜெர்மன் ஊரான கேல் வரை போய், அங்கிருந்து ஓஃபன்பர்க் வழியாக ஃபிராங்க்ஃபர்ட் போங்கள். 2017 முதல் இந்த டிராம் நாடு விட்டு நாடு போகிறது. 1870இல் இந்த ஊரில் பிறந்து எழுபத்தைந்து வயது வரை வாழ்ந்த ஒருவர் வீட்டை மாற்றாமலே நாலு தடவை நாடு மாறியிருப்பார்: 1871இல் ஜெர்மனி, 1918இல் பிரான்ஸ், 1940இல் மறுபடி ஜெர்மனி, 1944 நவம்பரில் மறுபடி பிரான்ஸ். இப்போது அதே நதியைக் கேல்காரர்கள் காய்கறிப் பையோடு டிராமில் தாண்டுகிறார்கள். பாலத்தின் மேல் ஒரு நிமிடம்தான் ஆகும், ஜன்னல் பக்கம் உட்காருங்கள். பாஸ்போர்ட்டையும் குடியிருப்பு அட்டையையும் பெட்டிக்குள் வைக்காமல் கையில் எடுக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். எல்லையில் சில நாட்களில் போலீஸ் ஏறிக் கேட்பார்கள்.